சிவப்பு மை

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு ஒரு சலுகை உண்டு. தாம் செய்த பிழைகளை அவர்கள் நாள்தோறும் காண வேண்டியதில்லை. தச்சரின் பிழை கதவாக நின்று ஒவ்வொரு மழைக்கும் முனகும். கொத்தனாரின் பிழை சுவரில் விரிசலாகத் தெரியும். எங்கள் பிழையோ ஆண்டு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வாயிலைக் கடந்து போய்விடும். பிறகு அது எங்கோ ஓர் ஊரில் தொழில் செய்து, மணமுடித்து, பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்துகொண்டிருக்கும். நாங்கள் புதிய முகங்களுக்குப் பழைய குறிப்புகளை வாசித்துக்கொண்டிருப்போம்.

34 ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து, 2006-இல் ஓய்வு பெற்றவன் நான். என் பிழைகளுள் ஒன்றை மட்டும் தேடிப் போய்ச் சந்தித்தேன். அதைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். முதுமை வரும்போது, தள்ளிப்போட்ட கடன்களே முதலில் நினைவுக்கு வருகின்றன.

அது 1984-ஆம் ஆண்டு. கடலோர ஊர் ஒன்றில் இருந்த எங்கள் கல்லூரியில், இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கரப்பான் பூச்சியை அறுத்துக் காட்டும் செய்முறை வகுப்பு. இன்று அத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டுவிட்டன. அன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கரப்பான்கள் எங்கள் மேசைகளில் உயிர்துறந்தன. மெழுகுத் தட்டில் பூச்சியைக் கிடத்தி, குண்டூசிகளால் இருபுறமும் பொருத்தி, தண்ணீர் ஊற்றி, முதுகுத் தகடுகளைக் கத்தரித்து எடுப்போம். அந்தத் தகடுகளின் அடியிலேயே இதயம் நீளக் குழாயாகக் கிடக்கும். அதற்கு 13 அறைகள் என்பதைத் தமிழ்நாட்டில் விலங்கியல் படித்த எவரும் உறக்கத்திலும் சொல்வர். குடலை அகற்றியபின், எல்லாவற்றுக்கும் அடியில், வயிற்றுச் சுவரை ஒட்டி, வெண்ணூல் போன்ற நரம்பு வடம் தெரியும். மார்பில் 3 முடிச்சுகள், வயிற்றில் 6 முடிச்சுகள். அந்த நூல் அறாமல் காட்டுபவனுக்கு முழு மதிப்பெண்.

அந்த வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் இருந்தான். நண்டையும் இறாலையும் கைப்பழக்கத்தால் அறிந்தவன். கத்தரிக்கோல் அவன் விரலில் இயல்பாக இயங்கும். நரம்பு வடத்தை அறாமல் எடுத்துக் காட்டிவிட்டு, அவன் என்னிடம் கேட்டான்:

“சார், போன மாதம் அறுத்த தவளைக்கு நரம்பு முதுகில் இருந்தது, இதயம் வயிற்றுப் பக்கம். இதற்கு இதயம் முதுகில், நரம்பு வயிற்றில். அப்படியே புரட்டிப் போட்டதுபோல இருக்கிறதே, ஏன் சார்?”

நான் சொன்ன விடை இன்னும் நினைவிலிருக்கிறது. “தவளை முதுகெலும்பி, இது கணுக்காலி. இரண்டும் வெவ்வேறு தொகுதி. வேறாகத்தான் இருக்கும். நேரமாகிறது, படத்தை வரை.”

அடுத்த வாரம் ரெக்கார்டு நோட்டு கையொப்பத்துக்கு வந்தது. அவன் ஒரே பக்கத்தில் இரண்டு குறுக்குவெட்டுப் படங்களை வரைந்திருந்தான். இடப்புறம் தவளை. வலப்புறம் கரப்பான், ஆனால் மல்லாந்த நிலையில், கால்கள் மேல்நோக்கி. மேலே நரம்பு, நடுவில் குடல், கீழே இதயம். இரண்டு படங்களிலும் உறுப்புகள் ஒரே வரிசையில் நின்றன. அடியில் பென்சிலால் ஒரு வரி: ‘மல்லாத்திப் போட்டால் இரண்டும் ஒன்று.’

நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்து, அந்தப் பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கோடு இழுத்தேன். ‘தவறு. பூச்சி நடக்கும் நிலையில் வரைக’ என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நோட்டை உயர்த்தி வகுப்புக்குக் காட்டி, “செத்த பூச்சிதான் மல்லாந்து கிடக்கும். நாம் படிப்பது உயிரியல்!” என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அதன்பின் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அவன் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இரண்டாம் வகுப்பில் தேறி, மேற்படிப்புக்குச் செல்லாமல் கடற்கரைக்கே திரும்பிவிட்டான். அதற்கு என் சிவப்புக் கோடுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். வீட்டு நிலைமை பல பிள்ளைகளைத் திருப்பி அழைக்கும். ஆனால் காரணம் அது அன்று என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

12 ஆண்டுகள் கழிந்தன. 1996-இல் ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சி ஒன்றுக்காகச் சென்னை சென்றிருந்தேன். மாலை நேரங்களில் நூலகத்தில் வெளிநாட்டு ஆய்விதழ்களைப் புரட்டுவது வழக்கம். ‘நேச்சர்’ இதழின் ஒரு கட்டுரையில் ஒரு படத்தைக் கண்டு கை நின்றுவிட்டது. அறுத்து விரித்த சிங்கி இறால் ஒன்று. மல்லாந்த நிலையில், மேலே நரம்பு வடம், நடுவில் குடல், கீழே இதயம். வரைந்தவர் எத்தியென் ஜெஃப்ராய் சாந்திலேர் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர். வரைந்த ஆண்டு 1822.

அந்த மனிதரின் வரலாற்றைப் பின்னர் தேடிப் படித்தேன். இளமையில் குருத்துவத்துக்காகப் படிக்கத் தொடங்கி, பின் இயற்கை அறிவியலுக்கு வந்தவர். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 செப்டம்பரில், சிறைப்பட்டிருந்த குருக்கள் சிலரை இரவில் ஏணி வைத்துத் தப்புவித்தவர். நெப்போலியனின் எகிப்துப் பயணத்தில் உடன் சென்றவர். விலங்குகள் யாவும் ஒரே அமைப்புத் திட்டத்தின் வேறுபாடுகள் என்பது அவர் கொள்கை. பூச்சியும் இறாலும் நம்மைப்போலவே அமைந்தவை, ஆனால் புரண்டு கிடப்பவை என்று அவர் கருதினார். அவருடைய நண்பரும் பேரறிஞருமான குவியே இதை ஏற்கவில்லை. விலங்குலகம் நான்கு தனித்தனிப் பிரிவுகளாக அமைந்தது, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட வழியில்லை என்பது குவியேயின் நிலை. 1830-இல் பாரிசு அறிவியல் கழகத்தில் இருவரும் வெளிப்படையாக வாதிட்டனர். அவ்வாதத்தில் குவியே வென்றதாகவே உலகம் கொண்டது. ஜெஃப்ராய் 1840-இல் கண்பார்வை இழந்தார், 1844-இல் மறைந்தார். ‘வெவ்வேறு தொகுதி, வேறாகத்தான் இருக்கும்’ என்று நான் என் மாணவனிடம் சொன்னது குவியேயின் வாதம் என்பதையே நான் அறியாதிருந்தேன்.

1996-இல் அந்தப் பழைய படத்தை ஏன் மறுபடியும் அச்சிட்டார்கள்? விடை அந்தக் கட்டுரையிலேயே இருந்தது. அதை எளிய முறையில் சொல்ல முயல்கிறேன்.

ஒரு கரு உருவாகும்போது அதன் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஒரு செல் ஒரு புரதத்தை வெளியிடும். அண்டைச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி அதைப் பற்றிக்கொள்ளும். செய்தி படிப்படியாக உள்ளே சென்று, உட்கருவில் சில மரபணுக்களை எழுப்பும், சிலவற்றை உறங்க வைக்கும். இந்தத் தொடருக்குச் சமிக்ஞைத் தடம் என்று பெயர். நம் ஊர்க் கோயில் மணியை எண்ணிப் பாருங்கள். அருகில் இருப்பவனுக்கு அது உரக்கக் கேட்கும். கடலுக்குள் செல்லச் செல்ல மெலியும். ஓசையின் அளவைக் கொண்டே கரை எவ்வளவு தொலைவு என்று கட்டுமரத்தில் இருப்பவன் அறிவான். செல்களும் அவ்வாறே சமிக்ஞையின் செறிவைக் கொண்டு, தாம் முதுகில் இருக்கிறோமா வயிற்றில் இருக்கிறோமா என்பதை அறிகின்றன.

பழ ஈயின் கருவில் முதுகுப்புறத்திலிருந்து ஒரு சமிக்ஞை ஒலிக்கிறது. அதன் பெயர் டிபிபி. ‘தோலாக ஆகு, நரம்பாக ஆகாதே’ என்பதே அதன் கட்டளை. வயிற்றுப்புறத்திலிருந்து சோக் என்னும் மற்றொரு புரதம் புறப்பட்டு, அந்தக் கட்டளை கேட்காதபடி மறைக்கிறது. மறைக்கப்பட்ட இடத்தில் நரம்பு உருவாகிறது. ஆகவே ஈக்கு நரம்பு வயிற்றில். தவளைக் கருவிலும் இதே இரண்டு மொழிகள் பேசப்படுகின்றன. டிபிபிக்கு உறவான புரதம் பிஎம்பி-4. சோக்கின் உறவு கார்டின். ஆனால் இடம் மாறிவிட்டது. பிஎம்பி வயிற்றுப்புறம் ஒலிக்கிறது. கார்டின் முதுகுப்புறம் நின்று மறைக்கிறது. ஆகவே நரம்பு முதுகில். 1994-இல் இந்த மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. 1995-இல் ஈயின் சோக் மரபணுச் செய்தியை எடுத்துத் தவளைக் கருவின் வயிற்றுப்புறத்தில் செலுத்தினார்கள். அந்த வயிற்றுப்புறத்தில் முதுகுக்குரிய திசுக்கள் தோன்றின! ஈயின் சொல் தவளைக்குப் புரிந்தது. அவ்விரண்டின் மூதாதையர் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தச் சொல்லின் பொருள் மாறவில்லை.

நூலக மேசையில் அமர்ந்து இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. சிவப்புக் கோடு ஒன்றுதான் கண்முன் வந்தது.

அன்றிலிருந்து இத்துறையை விடாமல் படித்துவருகிறேன். பாடத்திட்டத்துக்காக இதற்கு முன் படித்ததற்கும், இப்போது படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. இது கடன் பட்டவன் கணக்குப் பார்ப்பது போன்றது.

இந்த மரபணுக்களின் பெயர்களே ஒரு வரலாறு. ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் கிறிஸ்டியன் நுஸ்லைன்-ஃபோலார்ட் என்ற பெண்மணியும் எரிக் வீஷாஸ் என்பவரும் ஆயிரக்கணக்கான ஈக் குடும்பங்களை வளர்த்து, எந்த மரபணு பழுதானால் இளம்புழுவின் உடற்கண்டங்கள் எவ்வாறு குலைகின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தனர். 1980-இல் அவர்கள் வெளியிட்ட முதல் கட்டுரையில் 15 மரபணு இடங்கள் விவரிக்கப்பட்டன. உடல் முழுதும் முள் மண்டிய புழுவைத் தந்த மரபணுவுக்கு ‘ஹெட்ஜ்ஹாக்’, அதாவது முள்ளெலி, என்று பெயரிட்டனர். முன்னோடியான எட்வர்ட் லூயிஸ் என்பவரோடு சேர்த்து 1995-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த 15-இல் ஒன்று ‘விங்லெஸ்’. சிறகிலி என்று சொல்லலாம். சிறகில்லாத அந்த ஈயை முதலில் கண்டு அறிவித்தவர் ஆர்.பி. சர்மா என்ற இந்தியர் என்பதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1973-இல் அவர் அதைக் குறித்தார், 1976-இல் வி.எல். சோப்ராவோடு சேர்ந்து விரிவான கட்டுரை எழுதினார். இருவரும் டில்லியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். 1982-இல் அமெரிக்காவில் ரோல் நுஸ்ஸே, ஹரால்ட் வார்மஸ் என்ற இருவர், சுண்டெலிகளின் மார்பகக் கட்டியில் தூண்டப்படும் ஒரு மரபணுவைக் கண்டு ‘இன்ட்-1’ என்று பெயரிட்டனர். 1987-இல் இரண்டையும் ஒப்பிட்டபோது, ஈயின் சிறகிலியும் எலியின் இன்ட்-1-உம் ஒரே மரபணுவின் இரு வடிவங்கள் என்று தெரிந்தது. இரண்டு பெயர்களையும் இணைத்து ‘விண்ட்’ என்ற குடும்பப் பெயர் 1991-இல் வைக்கப்பட்டது. டில்லியில் ஓர் ஈக்குச் சிறகு முளைக்கவில்லை என்று ஒருவர் குறித்து வைத்தது, புற்றுநோய் ஆய்வின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. ‘ஈக்குச் சிறகில்லை, இது தவறு’ என்று அவர் கோடு இழுத்துவிடவில்லை.

இந்த விண்ட் குடும்பத்தின் கணக்கு என் ஆணவத்தை மேலும் சிறிது குறைத்தது. மனிதரிடம் இம்மரபணுக்கள் 19. பழ ஈயிடம் 7. சிறிய உயிருக்குச் சிறிய கணக்கு என்று இதைக் கொண்டு முடிவு கட்டத் தோன்றும். ஆனால் நம் வீட்டு மாவுப் பானையில் விழும் சிவப்பு வண்டிடம் 9 உள்ளன. குளத்து நீரில் துள்ளும் டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளிடம் 12 உள்ளன. கடற்பாறையில் ஒட்டி வாழும் கடல் சாமந்திக்கு மூளையும் இல்லை, முதுகும் இல்லை. ஆயினும் நம்மிடமுள்ள 12 விண்ட் உட்குடும்பங்களில் குறைந்தது 11, அதற்கும் நமக்கும் பொதுவான மூதாதையிடமே இருந்தன என்று 2005-இல் கண்டனர். ஆகவே கணுக்காலிகளின் கதை, கொஞ்சத்திலிருந்து மிகுதிக்குச் சென்ற கதை அன்று. நிறைந்த வீட்டில் பிறந்து, ஒவ்வொரு கிளையும் தனக்கு வேண்டாததை விட்டுவிட்டு நடந்த கதை. பழ ஈ மிக அதிகமாக விட்டது. சிலந்திகளும் தேள்களும் வேறு வழி சென்றன. நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், அவற்றின் மூதாதையில் மரபணுத் தொகுதி முழுவதுமே இரட்டித்தது என்று 2017-இல் வெளியான வீட்டுச் சிலந்தியின் மரபணு வாசிப்பு காட்டியது.

விட்டவற்றிலும் ஒரு பாடம் உண்டு. விண்ட்-ஏ என்ற உட்குடும்பம் ஒன்று இருக்கிறது. பழ ஈயிடம் அது இல்லை, மனிதனிடமும் இல்லை, முதுகெலும்பிகள் யாவும் அதை இழந்துவிட்டன. ஆனால் வண்ணத்துப்பூச்சி அதைக் காத்து வைத்திருக்கிறது. அந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது சிறகின் கோலங்கள் கலைந்தும் இடம் மாறியும் போயின என்று 2017-இல் காட்டினார்கள். நம் குடும்பத்தில் எப்போதோ தொலைந்துபோன ஒரு சொல்லைக் கொண்டு, தோட்டத்தில் ஒரு பூச்சி தன் சிறகில் கோலம் எழுதிக்கொண்டிருக்கிறது.

நான் அறுத்த கரப்பானுக்கும் இதில் பங்குண்டு. பழ ஈயின் கரு தன் உடற்கண்டங்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வகுத்துக்கொள்கிறது. பாடநூல்கள் யாவும் அதையே பூச்சிகளின் பொதுவிதிபோல் எழுதின. கரப்பானோ பின்முனையிலிருந்து ஒவ்வொரு கண்டமாகச் சேர்த்து வளர்கிறது. அவ்வேலையில் ‘நாட்ச்’ என்ற சமிக்ஞைத் தடத்தை அது பயன்படுத்துகிறது என்று 2008-இல் காட்டினர். சிலந்தியும் அவ்வாறே செய்வது 2003-இலேயே தெரிந்திருந்தது. நம் முதுகெலும்பின் கண்ணிகள் கருவில் ஒன்றன்பின் ஒன்றாக உருவாவதும் அதே நாட்ச் தடத்தின் உதவியால்தான். ஈயோ அந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. அதாவது, வளர்ப்பதற்கு எளிது என்பதால் ஈயை எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டதனாலேயே அதுதான் இலக்கணம் என்று நம்பினோம். உண்மையில் அது இலக்கணத்துக்கு விலக்கு. நான் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் கொன்ற கரப்பான்தான் பழைய வழக்கத்தைப் பேணி வைத்திருந்தது. அதன் நரம்பு முடிச்சுகளை எண்ணத் தெரிந்த எனக்கு, அதனிடம் ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

இவ்வளவும் அறிந்தபின் அவனைத் தேடிப் போக வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது 1996-இல், போனது 2010-இல். இடையிலிருந்த 14 ஆண்டுகளுக்கு நான் என்னிடமே பல காரணங்கள் சொல்லிவந்தேன். எல்லாக் காரணங்களுக்கும் பெயர் கூச்சம்தான்.

விடியற்காலையில் அவர் ஊர்க் கடற்கரைக்குச் சென்றேன். இனி ‘அவன்’ என்று எழுத மனம் வரவில்லை. தலை நரைத்திருந்தது. சிங்கி இறாலை உயிரோடு வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் தொழில் செய்துவந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, “சார், நீங்களா! வாங்க சார்” என்று நாற்காலியைப் போட்டார். பள்ளி விடுமுறை, அவருடைய 12 வயது மகள் கணக்கு நோட்டோடு அருகில் இருந்தாள்.

நான் சுற்றிவளைக்கவில்லை. 1984-இல் அவர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். ஜெஃப்ராயின் இறால் படத்தின் நகலை எடுத்து நீட்டினேன். “நீ வரைந்தது சரி. நான் அடித்ததுதான் தவறு” என்றேன்.

அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “இவரும் கடற்கரைக்காரரா சார்?” என்று கேட்டார். இல்லை, பாரிசுக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றேன். சிரித்தார்.

“கேள்வி எனக்கு மறந்துபோச்சு சார். சிவப்பு மை ஞாபகம் இருக்கு” என்றார். குறையாகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னார். அதைக் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் சென்றிருந்தேன் போலும்.

பிறகு ஈரச் சாக்கிலிருந்து ஓர் இறாலை எடுத்து, மகளுக்குக் காட்டுவதற்காக மல்லாத்திப் பிடித்தார். அது வாலை அடித்துக்கொண்டு கால்களை மேல்நோக்கி அசைத்தது. “பார், சார் சொல்றது இதுதான். இங்கே நரம்பு ஓடுது, நமக்கு முதுகில் ஓடுற மாதிரி” என்று விரலால் வயிற்றின் நடுவே கோடு இழுத்துக் காட்டினார். அந்த விரல் சரியான இடத்தில் சென்றது.

சிறுமி கேட்டாள்: “அப்படின்னா தாத்தா, புரண்டது இறாலா, நாமளா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். 26 ஆண்டுகளுக்கு முன் பார்த்த அதே பார்வை என்று எனக்குத் தோன்றியது.

நல்ல வேளையாக இம்முறை நான் படித்திருந்தேன். பலனோகிளாசஸ் என்று ஒரு புழு உண்டு. மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவின் மணலில் அது வாழ்கிறது. அதைக் காண மாணவர்களைப் படகில் அழைத்துச் சென்றிருக்கிறேன். அயோடஃபார்ம் நெடி வீசும். உடலமைப்பில் பூச்சிகளைவிட நமக்கே அது நெருங்கிய உறவு. அதற்கு உறவான வேறொரு புழுவின் கருவை ஆராய்ந்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. அதில் பிஎம்பி முதுகுப்புறமும் கார்டின் எதிர்ப்புறமும் இருந்தன. இறாலுக்கும் ஈக்கும் இருப்பதுபோலவே! நம் பக்கத்து உறவினரே புரளாமல் இருக்க, நம் மூதாதை மட்டும் தனியே புரண்டிருக்கிறது.

“புரண்டது நாம்தான் அம்மா” என்றேன்.

அவளுக்குப் பெரும் மகிழ்ச்சி. கையில் இருந்த இறாலைப் பார்த்து, “அது நேராத்தான் இருக்கு! நாமதான் மல்லாந்து நடக்கிறோம்!” என்று கத்தினாள். ஏலத்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தகப்பனார் சிரித்தார். நானும் சிரித்தேன். ஒரே செய்தியைப் பற்றிய இரண்டாவது சிரிப்பு அது. முதற்சிரிப்பை அது அழித்துவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் அழிவதில்லை. முதலில் சிரித்தபோது கேள்வி நின்றுபோனது. இப்போது அவள் தொடர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நண்டுக்கு எப்படி, தேளுக்கு எப்படி, அட்டைக்கு எப்படி என்று. வெயில் ஏறும்வரை பேசிவிட்டு வந்தேன்.

இங்கே கட்டுரையை முடித்திருக்கலாம். ஆனால் நான் அன்று சொன்ன விடையிலும் ஒரு திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று.

2018-இல் வேறு பல கடல் உயிர்களின் கருக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. முதுகு எது, வயிறு எது என்று சொல்லும் சமிக்ஞை பழமையானது என்பதில் மாற்றமில்லை. ஆனால் நரம்புச் செல்கள் ஒன்றுகூடி வடமாகத் திரள்வது, வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பலமுறை நிகழ்ந்திருக்கலாம் என்று அக்கட்டுரை வாதிட்டது. அப்படியானால் இறாலின் நரம்பு வடமே புரண்டு நம் முதுகுத்தண்டு வடமாயிற்று என்று சொல்வது மிகைப்படுத்தல். புரண்டது சமிக்ஞைகளின் அச்சு. அதன்மேல் அமைந்த வடத்தை இரண்டு குடும்பங்களும் தனித்தனியே கட்டிக்கொண்டிருக்கவும் கூடும். வாதம் இன்னும் நடக்கிறது. ஜெஃப்ராய் முழுவதும் வெல்லவில்லை. குவியேயும் முழுவதும் தோற்கவில்லை.

அந்தச் சிறுமி அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். 2010-இல் நான் சொன்ன விடையை ஒரு தாளில் எழுதி, அதன் மேல் சிவப்பு மையால் திருத்தங்களைக் குறித்து, அவள் முகவரிக்கு அனுப்பினேன். இம்முறை கோடு இழுக்கவில்லை. எந்தச் சொல் நிற்கும், எந்தச் சொல் ஐயத்துக்குரியது, ஏன் என்று ஓரத்தில் எழுதினேன். அதுதான் சிவப்பு மையின் உரிய வேலை என்பதைக் கற்க எனக்கு எழுபது வயதாகியிருந்தது.

பத்து நாளில் பதில் வந்தது. நன்றி ஒரு வரி, அப்பா நலம் என்று ஒரு வரி. பிறகு கேள்வி: ‘தாத்தா, நரம்பு வடமே இல்லாத கடல் சாமந்தியிடமும் பிஎம்பியும் கார்டினும் இருக்கின்றன என்று படித்தேன். முதுகும் வயிறும் இல்லாத உயிருக்கு அவை எதற்கு?’

‘பாடத்தில் இல்லை’ என்று சொல்லக்கூடிய நாள்கள் போய்விட்டன. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினேன். அதன்பின் அவளுக்கு மூன்று கடிதங்கள் எழுதிவிட்டேன். மூன்றையும் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.